அறிவர் கோயிலின் அறையொலியும் மகிழுந்தின் பின்னொலியும்

ஓசை பிறக்கும் இடம் வேறு. அது பெருகும் இடம் வேறு. இந்த வேறுபாட்டை மறந்து பழுது தேடுவதால் பழைய மகிழுந்து வைத்திருப்போர் வீண் செலவுக்கு ஆளாகின்றனர். வண்டியின் பின்பக்கத்தில் உறுமுகிறது என்று உரிமையாளர் சொல்கிறார். பின்னச்சு கழற்றப்படுகிறது, பல்லிணைகள் மாற்றப்படுகின்றன, உறுமலோ மறுநாளும் அதே சாலையில் அதே விரைவில் எழுகிறது. குறை கைத்திறனில் இல்லை. எதைக் கழற்றுவது என்று முடிவெடுக்கும் முன் ஓசையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படவில்லை.

அக்கேள்விகள் இயற்பியலிலிருந்து பிறப்பவை. அவற்றின் அடிப்படையை எளிதில் உணர்த்தும் ஓர் இடம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், அறிவர் கோயில் எனப்படும் சமணக் குடைவரையின் கருவறையே அது.

பாறைக்குள் ஓர் ஒலியறை

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சித்தன்னவாசல் குன்று. அதன் ஒரு பக்கத்தில் ஏழடிப்பட்டம் எனும் இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவியர் துயின்ற பதினேழு கற்படுக்கைகளும், பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. மற்றொரு பக்கத்தில் பாறையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயில் உள்ளது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தாமரைப் பொய்கை ஓவியத்தால் உலகம் இதனை அறியும்.

ஓவியத்தைக் காண வருவோர் கருவறையில் மற்றொன்றையும் உணர்கின்றனர். அறையின் நடுவில் நின்று, வாய் மூடித் தாழ்ந்த குரலில் முரலும்போது, குறிப்பிட்ட ஒரு சுருதியில் அறை முழுவதும் அதிர்ந்து பேரொலி எழுப்புகிறது. சுருதியைச் சற்றே ஏற்றினாலும் இறக்கினாலும் அப்பெருக்கம் அடங்கிவிடுகிறது. குரல் வலுக்கவில்லை, அறைதான் அதற்குத் துணை நின்றது.

இதன் விளக்கம் எளிய கணக்கில் அடங்கும். கருவறை ஏறத்தாழ 9½ அடிச் சதுரமும் 7½ அடி உயரமும் கொண்டது, அதாவது 2.9 மீட்டரும் 2.3 மீட்டரும். நம் ஊர் வெப்பநிலையில் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலியலை சென்று மீண்டு தன்னோடு தானே பொருந்த வேண்டுமானால், சுவர்களின் இடைவெளி அலைநீளத்தின் பாதியாகவோ முழுமையாகவோ ஒன்றரை மடங்காகவோ அமைய வேண்டும். பாதியாக அமையும்போது அதிர்வெண் நொடிக்கு 60. முழுமையாக அமையும்போது 120. முதல் வகையில் அறையின் நடுப்பகுதி அழுத்தம் மாறாத அமைதிப்புள்ளி. இரண்டாம் வகையிலோ நடுப்பகுதியே அழுத்தம் மிகும் இடம். ஆகவே நடுவில் நின்று முரல்பவர் எழுப்பக்கூடிய அலை 120 அதிர்வுடையது. வளர்ந்த ஆண்மகனின் இயல்பான பேச்சுக் குரலும் அந்த அளவையே ஒட்டியது. மேலும் அறை சதுரமாதலின் இரு திசைகளிலும் ஒரே அதிர்வெண் பொருந்துகிறது. வாயில் திறந்திருப்பதாலும் சிற்பங்கள் புடைத்திருப்பதாலும் உண்மை அளவு சற்று விலகலாம். விளக்கத்தின் அடிப்படை மாறாது. கடினமான பாறைச் சுவர் தன்மேல் படும் ஒலியில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சுவதால், மீண்டு மீண்டு வரும் அலை ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து ஓங்குகிறது. இதனை ஒத்ததிர்வு என்கிறோம்.

ஒலியோடு நெருங்கிய உறவுடையது இந்நிலப்பகுதி. அருகிலுள்ள குடுமியான்மலைப் பாறையில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு சுரங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறலுக்காகப் புகழ் பெறுவதற்கு முன் ஒலியியலிலேயே நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1921-இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் மாடத்தில் மெல்லிய பேச்சு சுவரை ஒட்டி வளைந்து செல்லும் விந்தையைத் தாமே ஆய்ந்தார். பின்னர் பீஜப்பூர்க் கோல் கும்பசு போன்ற நம் நாட்டுக் கட்டடங்களிலும் அதே ஆய்வைத் தொடர்ந்தார். கட்டடம் ஒலிக்கு என்ன செய்கிறது என்பதே அவர் எழுப்பிய வினா. மகிழுந்தைப் பற்றி நாம் எழுப்ப வேண்டிய முதல் வினாவும் அதுவே.

மகிழுந்தும் ஓர் அறையே

மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் செய்த அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றி 1950-களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. அரசு அலுவலர் முதல் திருமண வீட்டார் வரை பயணம் செய்த வண்டி அது. இன்றும் பலர் அதனைப் பேணி ஓட்டுகின்றனர். பின்சக்கரங்களால் உந்தப்படும் அதன் அமைப்பு, ஓசை ஆய்வைக் கற்பதற்கு மிகப் பொருத்தமானது.

அம்பாசிடரின் பயணிகள் அறை, முன் கண்ணாடிக்கும் பின்னிருக்கைச் சாய்மானத்துக்கும் இடையே ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம் என்று கொள்வோம். அது அறிவர் கோயில் கருவறையின் அளவை ஒத்தது என்பதைக் கவனிக்க. இவ்வறைக்குரிய முதல் ஒத்ததிர்வு நொடிக்கு 75 அதிர்வை ஒட்டி அமைகிறது. இதில் அழுத்தம் மிகும் இடங்கள் அறையின் இரு முனைகள். நடுப்பகுதி, அதாவது முன்னிருக்கையில் அமர்வோரின் தலை இருக்கும் இடத்தை ஒட்டிய பகுதி, அமைதிப்புள்ளியை நெருங்குகிறது.

இதிலிருந்து ஒரு முதன்மையான முடிவு பிறக்கிறது. வண்டியின் எந்தப் பகுதியிலிருந்தாவது நொடிக்கு 75 அளவில் ஓர் அதிர்வு உடற்கூட்டை அடைந்தால், ஓட்டுநருக்கு அது மங்கலாகவும் பின்னிருக்கையில் உள்ளவர்க்கு ஓங்கியும் கேட்கும். அதிர்வை உண்டாக்கியது முன்பக்கத்து எஞ்சினாகவே இருந்தாலும் உறுமல் பின்பக்கத்தில் கேட்கும். பின்னால் கேட்கிறது என்பதாலேயே பின்னால் பழுது என்று தீர்ப்பது, அறிவர் கோயிலில் எழும் முழக்கத்துக்குப் பாறையே குரல் கொடுத்தது என்று சொல்வதை ஒக்கும்.

செவியின் இயல்பும் இம்மயக்கத்துக்குத் துணை செய்கிறது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை, இரு செவிகளையும் அது அடையும் நேர வேறுபாட்டைக் கொண்டும் வலிமை வேறுபாட்டைக் கொண்டும் மூளை கணிக்கிறது என்பதை 1907-இல் இயற்பியலாளர் ரேலே பெருமகனார் தெளிவாக்கினார். அந்நேர வேறுபாடு, மிகுந்தால் ஒரு நொடியில் ஆயிரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. நேர் முன்னிருந்தும் நேர் பின்னிருந்தும் வரும் ஒலிகள் இரு செவிகளையும் ஒரே நேரத்தில் அடைவதால், முன்பின் மயக்கம் மனிதருக்கு இயல்பானது. நொடிக்கு 75 அதிர்வுடைய ஒலியின் அலைநீளமோ நாலரை மீட்டருக்கு மேல். தலையின் குறுக்களவு அதன்முன் மிகச் சிறிது. அத்தகைய ஒலிக்குத் தலை மறைப்பாக நிற்பதில்லை. அதோடு எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் செல்வதால், பின்சக்கரத்து அதிர்வு காற்றின் வழி வருவதற்கு முன்பே தகட்டின் வழி வந்து, கதவிலும் தரையிலும் இருந்து ஒலிக்கிறது.

பின்புறத்தில் ஓசை தரும் உறுப்புகள்

அம்பாசிடரின் பின்பகுதியில் ஓசைக்கு இடமாகும் உறுப்புகளை முறையாக அறிவோம். பல்லிணைப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்வது இயக்குதண்டு. அதன் இரு முனைகளிலும் உள்ள குறுக்கிணைப்பைப் பணிமனையார் கிராஸ் என்பர். பின்னச்சின் நடுவில் உள்ள பெட்டிக்குள் கிரவுன், பினியன் எனும் பெரிய, சிறிய பல்லிணைகள் உள்ளன. வளைவில் வெளிச்சக்கரமும் உட்சக்கரமும் வெவ்வேறு விரைவில் சுழல வழிசெய்யும் வேறுபாட்டுப் பல்லிணைகளும் அங்கேயே உள்ளன. அச்சின் இரு முனைகளிலும் சக்கரத் தாங்கிகளும் உருளைத் தடைகளும் இருக்கின்றன. அச்சையும் உடற்கூட்டையும் இணைப்பவை வில்தகட்டுக் கட்டுகள். பட்டை என்றால் எந்தப் பணிமனைக்கும் தெரியும். அவற்றின் கண்களில் ரப்பர்ப் புஷ்களும், அச்சோடு பட்டையைப் பிணைக்க யூ போல்ட்டுகளும் உண்டு. இவற்றோடு அதிர்வு ஏற்பிகள், புகைக்குழாய், சைலன்சர் ஆகியனவும் சேரும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மறந்துவிடலாகாது.

ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய ஒழுங்கில் ஓசை தருகிறது. சுழலும் உறுப்பு சுழற்சிக்கு ஏற்ப ஓசை தரும். பல்லுடைய உறுப்பு சுழற்சியைப் பற்களின் எண்ணிக்கையால் பெருக்கிய அதிர்வைத் தரும். தளர்ந்த உறுப்பு மேடுபள்ளத்துக்கேற்ப அடிக்கும். உராயும் உறுப்பு கிறீச்சிடும். ஆகவே ஓசையின் ஒழுங்கை அளந்தால் உறுப்பின் பெயரை அடையலாம்.

எண்ணே வழிகாட்டும்

கூட்டொலியிலிருந்து தனி அதிர்வுகளைப் பிரித்தெடுக்க முடியும் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்முறையால் காட்டினார். உள்ளீடற்ற உருண்டைகளைச் செவியில் வைத்து, ஒவ்வோர் உருண்டையும் தனக்குரிய ஒரு சுருதிக்கு மட்டும் ஒலிப்பதை அவர் பயன்படுத்தினார். நமக்கு உருண்டை வேண்டா, பெருக்கல் போதும்.

அம்பாசிடரின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் செல்கிறது; சக்கரம் நொடிக்கு 8 முறை சுழல்கிறது. கிரவுனில் 41 பற்களும் பினியனில் 9 பற்களும் உள்ளன என்று கொண்டால், சக்கரத்தின் ஒரு சுழற்சிக்கு இயக்குதண்டு ஏறத்தாழ நாலரை முறை சுழலும்; அதாவது நொடிக்கு 36-க்குச் சற்று மேல். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் அதிர்வு 8-ஐ 41-ஆல் பெருக்க வருவது: நொடிக்கு 328. இது மெல்லிய ஊளையாகவோ இரைச்சலாகவோ கேட்கும். சக்கரத் தாங்கியின் வெளிவளையத்தில் ஒரு பள்ளம் விழுந்து, உள்ளே 9 குண்டுகள் உருண்டால், அதிர்வு நொடிக்கு 30-ஐ ஒட்டியிருக்கும். இது செவிக்கு உறுமலாகவும் உடலுக்கு நடுக்கமாகவும் படும். உருளைத் தடைக்குள் சிக்கிய சிறு கல் சக்கரத்தின் சுழற்சிக்கு ஒருமுறை உரசும். இவை மூன்றும் ஒன்றோடொன்று குழப்பத் தகாதவை என்பதை எண்களே சொல்கின்றன.

இயக்குதண்டின் குறுக்கிணைப்பு இன்னும் நுட்பமானது. சாய்ந்த நிலையில் சுழலும் ஒரு குறுக்கிணைப்பு சீரான சுழற்சியைச் சீரற்றதாக்குகிறது. பத்துப் பாகை சாய்வில், வெளிவரும் சுழற்சி விரைவு சராசரியைவிட ஒன்றரை விழுக்காடு கூடியும் குறைந்தும் மாறுகிறது. ஒரு சுழற்சியில் இது இருமுறை நிகழ்கிறது. முன் இணைப்பு செய்த இக்கோணலைப் பின் இணைப்பு ஈடுசெய்ய வேண்டுமானால், இரு முனைகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும்; இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் பொருந்தியிருக்க வேண்டும். தண்டைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது குறியிடாமல் வேறு நிலையில் பூட்டினால் ஈடு கெடுகிறது. பட்டை தளர்ந்து அச்சு முறுக்கினாலும், அதன் நடுப் போல்ட் உடைந்து அச்சு இடம் பெயர்ந்தாலும் சாய்வு மாறி ஈடு கெடுகிறது. அப்போது எழும் அதிர்வு, தண்டின் சுழற்சியைப் போல் இருமடங்கு: நொடிக்கு ஏறத்தாழ 73.

இந்த எண்ணைப் பயணிகள் அறையின் 75-ஓடு ஒப்பிடுக. மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டிய விரைவில் மட்டும் வண்டி காதடைக்க உறுமி, 50-இலும் 70-இலும் அமைதியாவதன் விளக்கம் இதுவே. குறை பட்டையில், அதிர்வு தண்டில், முழக்கம் அறையில். மூன்றும் மூன்று இடங்கள்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் நான்கு பல்லிணைகளும் கொண்ட பழைய அம்பாசிடரில், நான்காம் கியர் நேரிணைப்பு. எஞ்சினும் இயக்குதண்டும் அதில் ஒரே விரைவில் சுழல்கின்றன. நான்கு உருளை, நான்கு வீச்சு எஞ்சின் ஒரு சுழற்சிக்கு இருமுறை எரிகிறது. எனவே அதன் எரிப்பதிர்வும் நொடிக்கு அதே 73. எஞ்சின் தாங்கியோ சைலன்சர் கொக்கியோ கெட்டு எழும் முழக்கமும், குறுக்கிணைப்புக் கெட்டு எழும் முழக்கமும் நான்காம் கியரில் ஒன்றுபோலவே கேட்கும். செவியால் இவற்றைப் பிரிக்க இயலாது.

ஆனால் செய்முறையால் பிரிக்கலாம். அதே 60 கிலோமீட்டர் விரைவில் மூன்றாம் கியருக்கு மாற்றுக. தண்டின் அதிர்வு 73-ஆகவே நிற்கும். ஏறத்தாழ ஒன்றரை விகிதமுடைய மூன்றாம் கியரில் எஞ்சினின் எரிப்பதிர்வு 109-க்கு உயரும். முழக்கம் நீடித்தால் ஏது தண்டிலோ அதன் சாய்விலோ இருக்கிறது. முழக்கம் மறைந்தால் ஏது எஞ்சினிலோ புகைக்குழாயிலோ இருக்கிறது. அவ்வாறாயின் மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் விரைவில் அதே முழக்கம் மீண்டும் தோன்ற வேண்டும். தோன்றினால் கணிப்பு உறுதிப்படுகிறது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் பழுதின் பாதித் தொலைவைக் கடந்துவிட்டோம்.

ஓட்டிப் பார்க்கும் முறை

ஆய்வுக்குப் புறப்படும் முன் டிக்கியை வெறுமையாக்குக. ஸ்டெப்னியும் கருவிப் பையும் வெளியே இருக்கட்டும். பின் சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, டயர்களின் காற்றழுத்தம் சரியா என்று பார்க்க. ஓட்டுநர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என இருவர் செல்வது நன்று. கேட்பவர் முன்னிருக்கையிலும் பின்னிருக்கையிலும் மாறி மாறி அமர வேண்டும். போக்குவரத்துக் குறைந்த, நேரான சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் வினா: ஓசை வண்டியின் விரைவைப் பின்பற்றுகிறதா, எஞ்சினின் சுழற்சியைப் பின்பற்றுகிறதா? இதற்குரிய கியர் மாற்றச் செய்முறையைக் கண்டோம். வண்டி நின்றிருக்க, எஞ்சினை மட்டும் மெல்ல முடுக்கும்போதும் ஓசை எழுந்தால், சுழலும் அச்சுறுப்புகள் அனைத்தும் குற்றமற்றவை. சைலன்சரின் உட்தகடு கழன்றிருப்பதோ, குழாய் உடற்கூட்டைத் தொடுவதோ அப்போது முதல் ஐயம்.

இரண்டாம் வினா: முடுக்கும்போதும் விடும்போதும் ஓசை மாறுகிறதா? பல்லிணையின் ஒவ்வொரு பல்லுக்கும் இரு முகங்கள் உண்டு. முடுக்கும்போது ஒரு முகமும், முடுக்கியை விட்டதும் மறுமுகமும் சுமை தாங்குகின்றன. முடுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, விட்டதும் அடங்கினால் ஒரு முகம் தேய்ந்துள்ளது. மாறி நிகழ்ந்தால் மறுமுகம். இவ்வாறு சுமைக்கேற்ப மாறும் ஊளை கிரவுன்-பினியனின் அடையாளம். சக்கரத் தாங்கியும் டயரும் முடுக்கியைப் பொருட்படுத்துவதில்லை. அவை விரைவை மட்டுமே அறியும். முடுக்கத் தொடங்கும் கணத்தில் 'டக்' என்று ஓர் அடி கேட்டால், தேய்ந்த குறுக்கிணைப்பையோ பற்களின் மிகை இடைவெளியையோ ஐயுறுக.

மூன்றாம் வினா: வளைவில் என்ன நிகழ்கிறது? வலப்புறம் திரும்பும்போது வண்டியின் சுமை இடச்சக்கரங்களுக்கு மாறுகிறது. அப்போது உறுமல் மிகுந்தால் இடப்பக்கத் தாங்கியும், இடப்புறம் திரும்பும்போது மிகுந்தால் வலப்பக்கத் தாங்கியும் ஐயத்துக்குரியன. நேர்ச்சாலையில் அறவே இல்லாத ஓசை வளைவில் மட்டும் எழுந்தால் வேறுபாட்டுப் பல்லிணைகளை நினைக்க வேண்டும். நேரே செல்லும்போது அவை ஒன்றையொன்று சார்ந்து சுழல்வதில்லை. வளைவில்தான் அவற்றுக்கு வேலை.

நான்காம் வினா: சாலை மாறினால் ஓசை மாறுகிறதா? புதுத் தார்ச்சாலையில் அடங்கி, கரடுமுரடான சாலையில் மிகுந்தால் டயரின் தேய்மானம் முதல் ஐயம். முன் டயர்களைப் பின்னும் பின் டயர்களை முன்னும் மாற்றிப் பூட்டி ஓட்டினால், ஓசையும் இடம் மாறும். மாறினால் ஐயம் தீர்ந்தது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் 'தடதட' என்றால் அதிர்வு ஏற்பியின் புஷ், பட்டையின் கண் புஷ், யூ போல்ட் ஆகியவற்றைக் காண்க. மெல்ல ஏறி இறங்கும்போது கிறீச்சிட்டால் பட்டைத் தகடுகள் ஒன்றோடொன்று உராய்கின்றன.

ஐந்தாம் வினா: எத்தனை முறை? மணிக்கு ஏழரை கிலோமீட்டர் விரைவில் சக்கரம் நொடிக்கு ஒருமுறை சுழல்கிறது. அந்த விரைவில் மெல்ல ஊர்ந்து, கைக்கடிகாரத்தோடு ஓசையை எண்ணுக. நொடிக்கு ஒன்று கேட்டால் ஏது சக்கரத்தோடு சுழல்வது: உருளை, டயரில் பதிந்த ஆணி, சக்கர நட்டு. நொடிக்கு நான்கு அல்லது ஐந்து கேட்டால் ஏது இயக்குதண்டோடு சுழல்வது. தடையை மென்மையாக அழுத்தும்போது ஓசை மாறினால் தடைக்கட்டையையோ உருளையையோ திறந்து பார்க்க வேண்டும். செம்புரைக்கல் சரளை நிறைந்த புதுக்கோட்டைப் பகுதிச் சாலைகளில் சிறு கல் உள்ளே புகுவது அரிதன்று.

இந்த ஆய்வுகளின்போது எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடலாகாது. திசைமாற்றி பூட்டிக்கொள்ளவும் தடையின் துணைவிசை குறையவும் கூடும்.

நிறுத்திப் பார்க்கும் முறை

ஓட்டிப் பார்த்து ஐயத்தைச் சுருக்கிய பின்னரே வண்டியைத் தூக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னச்சை உறுதியான தாங்குகால்களில் இருத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் உடலை நுழைக்கவே கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் இருந்தால் தாங்கியைப் பார்க்க. கையால் சுழற்றிக்கொண்டே, மற்றொருவர் நீண்ட திருப்புளியின் நுனியை அச்சின் கூட்டில் வைத்து, கைப்பிடியைச் செவியருகே வைத்துக் கேட்கலாம். 1816-இல் பாரிசு மருத்துவர் லாயனெக் காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும், நம் பணிமனையார் திருப்புளியால் கேட்பதும் ஒரே கோட்பாடு: திண்பொருள் ஒலியை நேராகக் கடத்துகிறது, அறையின் எதிரொலி அதில் கலப்பதில்லை. ஒத்ததிர்வின் மயக்கத்தை வெல்ல இதைவிட எளிய கருவி இல்லை. எஞ்சினால் சக்கரத்தைச் சுழற்றிக் கேட்பதைத் தேர்ந்த பணியாளரிடம் விட்டுவிடுக.

இயக்குதண்டைக் கையால் முறுக்கிக் குறுக்கிணைப்பின் தளர்ச்சியை உணர்க. தண்டைக் கழற்ற நேர்ந்தால் இரு பக்கமும் சுண்ணத்தால் குறியிட்ட பின் கழற்றுக. பின்னச்சுப் பெட்டியின் எண்ணெய் அளவைப் பார்க்க. எண்ணெய் வற்றினால் பற்களுக்கு இடையே உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. எண்ணெயில் பளபளக்கும் உலோகத் துகள் மிகுந்திருந்தால் ஊளை ஐயமாக நில்லாமல் சான்றாகிவிடுகிறது. சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் உட்தகட்டின் தளர்ச்சி வெளிப்படும்.

மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் பின்பக்கத்தில் இயக்குதண்டும் கிரவுனும் இல்லை. ஆதலால் ஊளைக்கு அவை காரணமாக இயலாது. அங்கே சக்கரத் தாங்கி, உருளைத் தடை, அதிர்வு ஏற்பி, புஷ், சைலன்சர் என்ற வரிசையில் தேடுக. எரிபொருளை ஊசியால் செலுத்தும் வண்டிகளில் எரிநெய்த் தொட்டிக்குள் மின் இறைப்பி உண்டு. சாவியைத் திருப்பியதும் பின்னிருக்கையருகே எழுந்து, விரைவோடு மாறாத இரைச்சல் அதனுடையது.

காலம் தாழ்த்தக் கூடாத ஓசைகள்

சில ஓசைகள் ஆய்வுக்குக் காத்திரா. சக்கரத்தோடு இணைந்த தளர்ந்த 'கடகட' ஒலி கேட்டால் உடனே நிறுத்தி நட்டுகளைப் பார்க்க. தாங்கியின் உறுமலோடு சக்கர நடுவம் மிகு சூடானாலும் தீய்ந்த நாற்றம் வந்தாலும் வண்டியை மேலும் ஓட்டலாகாது. இயக்குதண்டு அடிக்கும் ஒலியோடு வண்டியின் தரையே நடுங்கினால், இணைப்பு முறிந்து தண்டு சாலையில் விழும் இடர் உள்ளது. சைலன்சரில் ஓட்டை விழுந்து பின்புறம் இரைந்தால், டிக்கியின் ரப்பர் விளிம்பு வழியே கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமும் மணமும் இல்லை, உயிரைப் பறிக்கும் ஆற்றல் உண்டு. கண்ணாடிகளைத் திறந்துவிட்டு அருகிலுள்ள பணிமனையை அடைவதே செய்யத்தக்கது.

செய்யத்தக்கது

பழைய வண்டியை வைத்திருப்போருக்கு என் வேண்டுகோள் இதுவே. ஓசை எழுந்ததும் பாட்டுப் பெட்டியின் ஒலியைக் கூட்டாதீர்கள். உறுப்பைக் கழற்றவும் விரையாதீர்கள். எந்த விரைவில், எந்த கியரில், முடுக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்கம் திரும்பும்போது, நொடிக்கு எத்தனை முறை என்ற ஐந்தையும் தாளில் எழுதுங்கள். அத்தாளோடு பணிமனைக்குச் சென்று, பணியாளரை அருகில் அமர்த்தி ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். அளந்து சொல்லும் உரிமையாளரை நல்ல பணியாளர் மதிப்பார்; பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். ஒத்ததிர்வைக் கரும்பலகையில் மட்டும் விளக்காமல், மாணவரைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓவியங்களைத் தொடாமல், கூச்சலிடாமல், ஒருவர் பின் ஒருவராகக் கருவறையில் மெல்ல முரலச் செய்து, எந்தச் சுருதியில் அறை விடையளிக்கிறது என்று குறிக்கச் செய்யுங்கள். அறையின் அளவை எடுத்துக் கணக்கோடு ஒப்பிடச் செய்யுங்கள். குரலையும் அறையையும் பிரித்தறியக் கற்ற மாணவர், நாளை பொறியாளராகவோ பணியாளராகவோ ஓட்டுநராகவோ ஆகும்போது, ஓசைக்குரிய ஏதுவைத் தேடுவார். ஓசை கேட்ட இடத்தையே பழித்து நின்றுவிடமாட்டார்.